தொக்கம் எடுத்த வருஷம்

அந்த அம்மாள் வெண்கலக் கும்பாவைச் சாய்த்து என்னிடம் காட்டினாள். தண்ணீருக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஓர் உருண்டை கிடந்தது. ஈர்க்குச்சியால் அதைக் கிளறினாள். மேலே மாவு போல இருந்தது கரைந்து விலகியதும் உள்ளே இருந்தது தெரிந்தது. முடி. நீளமான பெண் முடி, சுருட்டிச் சுருட்டி வைத்தது.

“ஒன் வயித்துக்குள்ள இருந்துச்சு தாயி” என்றாள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற டீச்சர். இரைப்பையையும் குடலையும் கரும்பலகையில் வரைந்து, சோறு எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று குச்சி வைத்துக் காட்டியவள். வயிற்றின் மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சினால் உள்ளே இருக்கிற முடி தோலைத் தாண்டி வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கும்பாவைப் பார்த்த மாத்திரத்தில் என் கைகால் சில்லிட்டுப் போயிற்று. நான் நம்பினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் என்னால் ஜீரணித்துக்கொள்ள முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் எங்கள் வீடு. என் கணவருக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் வேலை. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடிக்கிற கம்பெனி. சீசன் நேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். வீட்டில் என் மாமியாரும் என் கணவருடைய அண்ணன் மனைவியும் இருந்தார்கள். அண்ணன் டைபாய்டில் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அக்காவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் சமையல் முழுவதும் அவர் கையில்தான். காலையில் என் தூக்குச்சட்டியில் சோற்றைப் பிசைந்து வைத்து, மூடியை அழுத்தி மூடி, “கொட்டிராமப் போ” என்று கொடுப்பார்.

கல்யாணமாகி வந்த அடுத்த வருஷமே என் வயிறு கெட்டது. கெட்டது என்று சொன்னால் போதாது. மூன்று நாள் ஒன்றும் இறங்காது. வயிறு கல்லாகி, புடவைக் கொசுவம் இறுக்கும். நாலாவது நாள் யாரோ உள்ளே கையை விட்டுத் துணி பிழிவது போல ஒரு வலி வரும். வந்தால் நிற்க முடியாது, ஓட வேண்டும். அது வருகிற நேரத்தையும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தலைமையாசிரியர் சொன்னாலே வயிற்றுக்குள் உருட்டத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் நீளும்போது விரலை மடக்கிக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைமரக் காடு. முள் கிழித்த காலோடு திரும்பி வந்தபோது வகுப்பே அமைதியாக இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

மதுரைக்குப் போய்க் காட்டினோம். இரண்டு முறை எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். பெரிய டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, “பூச்சியும் இல்லை, புண்ணும் இல்லை. உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. மனசைத் திடமா வச்சுக்கோங்க” என்றார். அவர் நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார். எனக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்றுமில்லாத வலியோடு விருதுநகர் வண்டி ஏறினேன். பல வருஷம் கழித்து, டாக்டருக்குப் படித்த என் பழைய மாணவி ஒருத்தி, இதற்கு மூன்று எழுத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது என்றாள். குடலில் காயம் எதுவும் தெரியாதாம். ஆனால் அது வேலை செய்கிற விதம் முரண்டு பிடிக்குமாம், மனசில் கலக்கம் வந்தால் அதிகமாகுமாம். அன்று அந்தப் பெயர் யாரிடமும் இல்லை. அதனால் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மந்தம் என்றார்கள், குடல் ஏறிக்கொண்டது என்றார்கள். ஓமத்தண்ணீரும் சுட்ட வசம்பும் மாதுளை ஓட்டுக் கஷாயமும் மாறி மாறி உள்ளே போயின.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திவிட்டுப் புடவையை விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள். தொப்புளைச் சுற்றி மூன்று வட்டத் தழும்புகள், தோல் சுருங்கிப் பளபளவென்று.

“எனக்கும் இதே வலிதான். பத்து வயசுல மஞ்சக் கொம்பைச் சுட்டு வச்சாக” என்றாள்.

“அதுக்கப்புறம் வலி வரலையா?”

“வரும். ஆனா வீட்டுல சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் என் மாமியார் சாத்தூர்ப் பக்கம் தொக்கம் எடுக்கிற அம்மாளைப் பற்றி விசாரித்து வந்தார். தொக்கம் என்றால், தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு கிடப்பது. அதைத் தடவி இளக்கி, குழல் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மாமியார் காலையும் மாலையும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுகிறவர். அதனால் ஏகப்பட்ட எச்சரிக்கை.

“உபதேசியார் வீட்டம்மா கேட்டா, சாத்தூருக்கு வெள்ளரிக்கா வாங்கப் போறோம்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத.”

விருதுநகர் போய் பஸ் மாறி, சாத்தூரில் இறங்கி, இருக்கன்குடி போகிற சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்தபோது மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். அந்த அம்மாளின் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையும் வயிற்றின் மேல்தான்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். வெற்றிலை போட்ட வாய், சாந்தமான முகம். என்னைப் பாயில் படுக்க வைத்து, வயிற்றில் வெதுவெதுப்பாக விளக்கெண்ணெய் விட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தடவினாள். கல்யாணத்துக்குப் பிறகு என் வயிற்றை யாரும் அவ்வளவு பதனமாகத் தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஈரத்துணியை விரித்து, அதன் மேல் வெண்கலக் குழலை வைத்து வாயால் உறிஞ்சினாள். தோல் சுரீரென்று இழுத்தது. திரும்பிக் கும்பாவில் துப்பினாள். அப்போதுதான் அந்த முடிச்சுருளைக் காட்டினாள்.

“இது தின்னு தங்குன தொக்கம் இல்ல. சோத்துல வச்ச மருந்து” என்றாள். “யாரு என்னன்னு நான் சொல்ல மாட்டேன். வெளிக்கை இல்ல, வீட்டுக்குள்ள இருக்கிற கை. ஒனக்குச் சோறு பெசையற கை.”

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் ‘உச்’ கொட்டினார்கள். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே என் வயிறு இளகியது. உடம்பு இலேசானது. வலி போயே போய்விட்டது. அதனால்தான் மறுநாள் காலையில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

காலையில் அக்கா வழக்கம்போலத் தூக்குச்சட்டியை மூடி என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டுமுன் மாமியார் நடுவில் வந்து அவர் கையைத் தட்டிவிட்டார்.

“எம் மூத்த மகன முழுங்குனது பத்தலையாடி ஒனக்கு? இளையவன் பொண்டாட்டியையும் சாகடிக்கப் பாக்குறியா?”

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என்னைத்தான் பார்த்தார். மாமியார் கும்பாவையும் முடியையும் பற்றி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அந்த முடியின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டி, அக்காவின் கொண்டையையும் காட்டினார். என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கதவருகே நின்றார். “ஏம்மா காலங்காத்தால” என்றார்.

“நீ நம்புறியா?” என்று அக்கா என்னிடம் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தார். எனக்காகப் பிசைந்து வைத்திருந்த மோர்ச் சோற்றை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு கவளமாக. நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பருக்கையை விரலால் வழித்துத் தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “இதுல மருந்து இருந்தா அது எனக்கும் சேரட்டும்” என்று சொல்லிவிட்டு, இரண்டு சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறினார். சிவகாசிக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீடு. நான் கதவு வரைகூடப் போகவில்லை. என் வயிறு அமைதியாக இருந்தது. அந்த அமைதி கலைந்துவிடக் கூடாது என்று பயந்தேன்.

பதினோரு நாள் நன்றாக இருந்தேன். பன்னிரண்டாவது நாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது வலி வந்தது. முன்னைவிட மோசமாக. சாலையோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதினோரு நாளும் மாமியார் சமைத்ததைத்தான் சாப்பிட்டிருந்தேன். வெயிலில் உட்கார்ந்து அதை யோசித்தேன். யோசிக்க யோசிக்க வயிற்றுவலியைவிட அதுதான் என்னை உலுக்கியது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சாத்தூருக்குப் போனேன். நல்ல மத்தியானம். வாசலில் ஆளே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. சுற்றிப் பின்வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தொக்கம் எடுக்கிற அந்த அம்மாள் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். முகம் வலியில் கோணியிருந்தது. இன்னொருத்தி பக்கத்தில் மண்டியிட்டு அவள் வயிற்றை எண்ணெய் விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். பாய்க்குப் பக்கத்தில் புடைக்கிற சுளகு ஒன்று. அதில் கறுப்பு உருண்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சுண்டைக்காய் அளவு. ஓரத்தில் சீப்பிலிருந்து எடுத்த முடிக் கத்தை, கரி கலந்து பிசைந்த மாவு. வாயில் அடக்கிக்கொள்ளத் தோதான அளவில் எல்லாம் தயாராக இருந்தது.

என் நிழல் விழுந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். சுளகை மறைக்கப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை.

“யாரு, டீச்சரம்மாவா? உக்காருங்க. திரும்பவும் வந்துருச்சாக்கும்?”

“ஒங்களுக்குமா?” என்றுதான் என் வாயில் வந்தது. கேட்க நினைத்து வந்தது அது அல்ல.

“எனக்குச் சின்னப்புள்ளையில இருந்தே உண்டு. இந்தா, எந்தங்கச்சி கைதான் எனக்கு மருந்து.”

நான் சுளகைக் காட்டினேன். “இது?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “வேலை செய்யறது கைதான் தாயி. சும்மா தடவி விட்டா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. எதையாச்சும் எடுத்துக் காட்டுனாத்தான் மனசு ஆறுது, அதுக்கப்புறம் வயிறும் ஆறுது. ஒங்களுக்கு ஆறலையா?”

“வீட்டுக்குள்ள இருக்கிற கைன்னு சொன்னீகளே. அது ஏன்?”

“எல்லார்கிட்டயும் சொல்றதுதான். சொன்னா, ஆமா ஆமாங்கிறாக.”

“நீங்க சொன்ன கை எங்கக்கா கை. அவுகள வீட்ட விட்டு வெரட்டியாச்சு.”

அவள் முகத்திலிருந்த வலி, அலுப்பு எல்லாம் சட்டென்று வடிந்தது. என்னையே பார்த்தாள். வெற்றிலைச் சாறு உதட்டோரத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. “வெரட்டிட்டீகளா?” என்றாள். “நெசமாவா?” அவளிடம் வந்து போன பெண்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது அந்த முகத்திலேயே தெரிந்தது. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை.

தங்கச்சிதான் என்னைப் பார்த்து, “படுங்க” என்றாள்.

அவள் தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள். விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. தடவுவதற்கு முன்னால் அவள் கேட்ட கேள்வியை மதுரை டாக்டரும் கேட்கவில்லை, அவளுடைய அக்காவும் கேட்கவில்லை, வேறு யாருமே கேட்கவில்லை.

“வெளிய எப்பப் போவீக?”

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் எப்படியோ அப்படித்தான். விடிவதற்கு முன்னால் கூட்டமாக ஓடைப் பக்கம் போவோம். விட்டால் பொழுது அடைந்த பிறகு. நடுவில் கிடையாது.

“காலைல போறப்ப வருமா?”

“வராது. ஆளுக உக்காந்திருப்பாக. அவசரமா எந்திரிச்சிருவேன்.”

“பெறகு பள்ளிக்கொடத்துல?”

“அங்கன எடமே இல்ல. அடக்கிக்கிடுவேன்.”

“தண்ணி?”

“குடிக்க மாட்டேன். குடிச்சாப் போகணும்ல.”

அவள் கை என் வயிற்றின் மேல் அப்படியே நின்றது. “பகலெல்லாம் சொட்டுத் தண்ணியில்லாம, வாரதையும் அடக்கி அடக்கி வச்சா அது எம்புட்டுத்தான் தாங்கும் டீச்சரம்மா? நீங்க படிச்சவுகதானே?”

நான் கரும்பலகையில் வரைந்த குடல் என் கண் முன்னால் வந்தது. படுத்தபடியே அழுதேன். அவள் என்னை அழ விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். வலது இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக விரல்களை ஊன்றி, மெதுவாக மேலே விலா வரை. அங்கிருந்து குறுக்கே இடது பக்கம். பிறகு அழுத்திக் கீழே. திரும்பவும் அதே வழி. “சோறு போற பாதை இதுதான். எதுத்தாப்புல தேய்க்கக் கூடாது” என்றாள். கல்லாக இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நான் மூச்சு விடும்போது மட்டும் அழுத்தினாள். “மூச்ச வெளிய விடுங்க. இன்னும். வயித்த விட்டுக் குடுங்க.” விட்டுக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்து, நானே தேய்த்துக்கொள்ளப் பழக்கினாள். தினமும் காலையில் எழுந்ததும் ஒரு செம்பு வெந்நீர் குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில், அவசரமில்லாமல் உட்காரச் சொன்னாள். சாப்பாடு தினமும் ஒரே நேரத்துக்கு. மொச்சையும் தட்டப்பயறும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

“போயிருமா?” என்று கேட்டேன்.

“எங்கக்காவுக்கே போகல. கொறையும்.”

யாரும் பார்க்காத இடம் எங்கள் ஊரில் எங்கே இருந்தது? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம், வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி ஓலைத் தட்டி வைத்துக் கட்டிக் கொடுங்கள் என்றேன். மாமியார் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

“வீட்டுக்குள்ளயா? சமைக்கிற எடத்துல இருந்து நாப்பது அடியிலயா? ஊரு காறித் துப்பாதா?”

“கட்டலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்றேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. என் கணவர் மறுநாளே கடப்பாரையை எடுத்தார். சுளகில் பார்த்ததையும் அந்த ராத்திரியே சொல்லியிருந்தேன். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவ பொய்க்காரியாவே இருக்கட்டும். ஒனக்கு வலி நின்னுச்சா இல்லையா?” என்றார். அவரை அசைக்க முடியவில்லை. ஆனால் ஓலைத் தட்டிக்குள் முதலில் ஒளிந்து ஒளிந்து போய் வந்தவர் அவர்தான்.

வெந்நீர், தடவல், அந்த மறைவிடம். இரண்டு மாதத்தில் வயிறு ஓர் ஒழுங்குக்கு வந்தது. நாலு நாளுக்கு ஒரு தரம் வந்த வலி மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது. அக்காவைப் போய்ப் பார்க்க மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. பரீட்சை முடியட்டும், வெயில் தணியட்டும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக பஸ் ஏறினேன்.

அக்கா ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அண்ணன் வீட்டை ஒட்டி ஒற்றை அறையில் தனியாக இருந்தார். புருவத்திலும் நகக் கணுவிலும் வெள்ளிப்பொடி மினுங்கியது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பாயை உதறிப் போட்டார்.

நான் சுளகையும் மாவையும் முடிக் கத்தையையும் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். “எல்லாம் பொய்க்கா. நான் என் கண்ணால பாத்தேன். வீட்டுக்கு வாங்க” என்றேன். அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார், இல்லை என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப நான் வைக்கல” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “என்னக்கா சொல்றீக?”

“நான் வைக்கலதான். எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு அத்தை அந்த மாதிரி சொன்னதும், நம்மள அறியாம நம்ம கை வச்சிருக்குமோன்னு ஆயிப்போச்சு. நீ வந்த புதுசுல, ஒம் புருசன் ஒனக்குப் பூ வாங்கிட்டு வரும்போது எனக்கு வயிறு எரியும். அதைச் சொல்றதுக்கு என்ன? எரிஞ்சுக்கிட்டேதான் சோறு பெசைஞ்சிருக்கேன். அந்த எரிச்சல்தான் ஒன் வயித்துக்குள்ள முடியாப் போயிருச்சோன்னு நெனச்சேன்.”

“அக்கா…”

“தூக்குச்சட்டிச் சோத்தை நான் வீம்புக்குத் தின்னேன்னு நெனச்சியா? பயந்துக்கிட்டே தின்னேன். இங்கன வந்து மூணு நாள் படுத்தே கெடந்தேன், வயித்து வலி வருதா வருதான்னு பாத்துக்கிட்டு.”

அன்று காலையில் எங்கள் மூன்று பேருக்கும் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் கவளம் கவளமாகச் சாப்பிட்ட அந்த முகத்தை நான் இத்தனை நாளும் ரோஷம் என்று நினைத்திருந்தேன். அது பயம். தன் கையையே நம்ப முடியாமல் ஆகிவிட்ட ஒருத்தியின் பயம். நான் ஒரு வார்த்தை, “நம்பல” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குச்சி வைத்துப் பாடம் நடத்துகிறவள் நான்.

“என்னைய மன்னிச்சிருங்கக்கா.”

“சரி” என்றார். அந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. “அந்த வீட்டுக்கு நான் வரல. இங்கன நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டுட்டுப் போறியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருவாட்டுக் குழம்பும் சோறும். அவர் பரிமாறினார். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து என் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது வயிறு முறுக்கியது. கனமான சாப்பாடு, உச்சி வெயில், மனசில் அடங்காத கலக்கம். காரணங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் வலி வந்த அந்த முதல் நொடியில் என் நெஞ்சுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அவள் ஏதும் வைத்திருப்பாளோ என்று ஓடியது. அவள் என்றுதான் ஓடியது, அக்கா என்றுகூட இல்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு என்னை நினைத்தே உடம்பு கூசியது. சுளகைக் கண்ணால் பார்த்தவள், மன்னிப்புக் கேட்டு அரைநாள்கூட ஆகாதவள்.

அடுத்த மாதம் மறுபடியும் போனேன். சாப்பிட்டேன். அதற்கடுத்த மாதமும் போனேன். கணவரைக்கூட ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். மாமியார் கடைசி வரை வரவில்லை. நான் போவதைத் தடுக்கவும் இல்லை. சில தடவை வயிறு வலித்தது, சில தடவை வலிக்கவில்லை. வலித்தபோதெல்லாம் அந்தச் சந்தேகமும் கூடவே தலைகாட்டியது, முதலில் பலமாக, பிறகு மெலிதாக. அக்காவிடம் அதை நான் சொன்னதே இல்லை.

எத்தனையாவது தடவை என்று ஞாபகம் இல்லை. தீபாவளி சீசன் முடிந்து அக்காவுக்குக் கம்பெனியில் லீவு விட்ட சமயம். கறிக்குழம்பு வைத்திருந்தார். திரும்பி வரும்போது பஸ் சிவகாசி தாண்டியதும் நல்ல வலி. நான் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டுச் சன்னலோரமாக மாறி உட்கார்ந்தேன். முந்தானைக்குள் கையை விட்டு, வலது இடுப்பிலிருந்து மேலே, குறுக்கே, கீழே என்று தேய்த்துக்கொண்டே வந்தேன். ஊரில் இறங்கி நடக்கும்போதுதான் கவனித்தேன். வழியெல்லாம் வலியைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.